லென்ஸ் மாமி பார்த்தது

"உங்க இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது."

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், தாவரவியல் ஆய்வுக்கூடத்து வாசலில் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். வாருங்கள் என்று சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புதுச்சேலை கட்டி, பொட்டை மூன்று தடவை அழித்து அழித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். உண்மைதான். பெற்ற அம்மா உட்பட யாரும் இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் சொல்லாத உண்மை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஆனால் நான் எழுதியதில் எது எது தப்பு என்று வரிசையாகச் சொல்லக்கூடியவர். அதைத் தாங்க இந்த வயதிலும் எனக்குத் தெம்பு கிடையாது. மாணவிகள் அவரை லென்ஸ் மாமி என்பார்கள். தாலிச் சரட்டோடு கூட ஒரு கறுப்புக் கயிற்றில் மடக்கு லென்ஸ் ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும். அவரும் என்னைப்போலச் செய்முறை வகுப்பு எடுக்கிற டெமான்ஸ்ட்ரேட்டர்தான், எட்டு வயது மூத்தவர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருந்தார். கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் உத்தியோகம்.

அவர் குணம் என்னவென்றால், கண்ணால் பார்த்ததைச் சொல்வார். பார்க்காததைச் சொல்ல மாட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நாலு வருஷம் வேலை பார்த்தவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

ஒரு வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள். எங்கள் துறைத் தலைவி வெளியூர்க்காரர், ஸ்ரீரங்கம் என்றாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற பக்தி. "நேத்து பரமபத வாசல் சேவிச்சிருப்பீங்களே, எப்படி இருந்தார் பெருமாள்?" என்று கேட்டார்.

"நான் பெருமாளைப் பார்க்கலை" என்றார் மாமி. "நல்ல கூட்டம். முன்னால ஒருத்தர் நின்னார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். முதுகுல வேர்க்குரு இருந்தது."

துறைத் தலைவியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் திக்கென்றது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், அதுவும் ஏகாதசிக்கு மறுநாள், பெருமாளைப் பார்க்கவில்லை என்று வாய் கூசாமல் சொல்வாளா? அந்தக் கூட்டத்தில் போன பாதிப் பேர் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து, கண் குளிரக் கண்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் கேட்டேன்.

"சேவிக்கப் போனேன்னு சொல்லலாம். சேவிச்சேன்னு எப்படிச் சொல்றது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவருடைய மாமியார் ஒரு நாள் என்னிடம், "எங்காத்து மாட்டுப்பொண்ணு பொய்யே சொல்ல மாட்டா. அதனாலதான் எங்காத்துக்கு யாரும் வர்றதில்லை" என்றார். பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

என்னைப் பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு உறையூரில். அப்பாவுக்குப் பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை. கூட வேலை பார்க்கிற மாமி வந்து உட்கார்ந்தால் கௌரவமாக இருக்கும் என்று அம்மாதான் அவரைக் கூப்பிட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டாள். இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. மாமி முந்திக்கொண்டார்.

"காலேஜுக்குக் கொண்டு வர்றதெல்லாம் இவ அம்மா பண்றது. இவ ஒரு நாள் உப்புமா பண்ணிண்டு வந்தா. கட்டி கட்டியா இருந்தது. உப்பு சரியா இருந்தது."

என் தங்கை கமலா மட்டும் உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த இடம் தட்டிப்போயிற்று. "அந்தம்மா இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா. மறுநாள் கல்லூரியில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமி மத்தியானம் தன் தயிர்சாதத்தில் பாதியை வழக்கம்போல என் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிட்டு, "கேட்டா, சொன்னேன்" என்றார்.

இப்படிப்பட்டவரை எனக்குப் பிடித்துப்போனது ஜீயபுரத்தில். அந்தச் செடியால்தான்.

வாரத்தில் ஒரு நாள், வகுப்புக்கு வேண்டிய செடிகளைப் பறிக்க நாங்கள் இரண்டு பேரும் ஈரோடு பாசஞ்சரில் ஜீயபுரம் போவோம். காவேரிக் கரை ஓரம் வாழைத் தோட்டமும் நெல் வயலுமாக இருக்கும் ஊர். வாழைக்குப் பாய்கிற வாய்க்காலின் ஓரத்துச் சேறு எந்த மாசத்திலும் காயாது. அங்கே மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைக்கு மண் அணைக்க வந்த இரண்டு பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னங்கம்மா, களைக்குப் போயி கும்பிடு போடுறீங்க?" என்றாள் ஒருத்தி.

"இதுக்கு இங்கே என்ன பேர் சொல்லுவேள்?" என்று மாமி கேட்டார்.

"களைக்கு ஏதுங்க பேரு? புடுங்கிப் போடுறதுதான்."

புத்தகத்தில் அதற்கு லிண்டர்னியா என்று பெயர். ஒரு சாண் உயரம்கூட வராது. தண்டு உருண்டையாக இராது. விரலால் உருட்டினால் நாலு பக்கமும் தட்டுப்படும். இலைகள் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக ஜோடி ஜோடியாக இருக்கும். தண்டு சேற்றில் சாய்ந்து எங்கே கணு மண்ணைத் தொடுகிறதோ அங்கே வேர் விடும். பூ என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெளிறிய ஊதா. மேலே ஒரு சின்ன உதடு, கீழே மூன்று பிரிவாக ஒரு பெரிய உதடு. அத்தனையும் நான் புத்தகத்தில் படித்தவை. ஆனால் தலையைத் தரையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாலு மகரந்தக் காம்பு. எண்ணுங்கோ. ரெண்டு ரெண்டா தலையை ஒட்டிண்டு நிக்கறதா? அதுக்கு நடுவுல பாருங்கோ. சூல்முடி. நாக்கு மாதிரி ரெண்டு மடல் விரிஞ்சிருக்கு. இப்போ மூச்சு விடாதேங்கோ."

ஒரு அறுகம்புல்லின் நுனியைக் கிள்ளி, பூவுக்குள் நீட்டி, அந்த மடலைத் தொட்டார். விரிந்திருந்த இரண்டு மடலும் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டன.

நான் பயத்தில் பின்னால் நகர்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டாற்சிணுங்கி தெரியும். பட்டம் வாங்கியவள் நான், பூவுக்குள் இப்படி ஒன்று அசையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பூச்சி வந்து மகரந்தம் கொடுத்ததுன்னா மூடினது மூடினதுதான். சும்மா தொட்டுட்டுப் போனா, கொஞ்ச நாழி கழிச்சுத் திறந்துக்கும்" என்றார். நாங்கள் காத்திருந்தோம். பாசஞ்சர் போய்விட்டது. வெயில் முதுகில் ஏறியது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு அது திறந்துகொண்டது. மாமியின் முகத்தை அப்போது பார்த்தேன். குழந்தை தூங்கி எழுந்ததைப் பார்க்கிற தாய் முகம். இவ்வளவு அன்போடு ஒரு களையைப் பார்க்கிறவர், என் உப்புமாவையும் அதே கண்ணோடுதான் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. கோபம் அன்றோடு போயிற்று. ஆச்சரியமும் பயமும் மட்டும் கடைசிவரை போகவில்லை.

கமலா எங்கள் கல்லூரியிலேயே பி.எஸ்சி. தாவரவியல் படித்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், நன்றாகப் பாடுவாள், பாடத்தில் சுமார். கடைசி வருஷம் வந்தபோது புதுக்கோட்டையிலிருந்து எங்கள் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மகனுக்கு மனைவி இறந்து ஒரு வருஷம். வயது முப்பத்தாறு. கமலாவைக் கொடுங்கள் என்றாள். கமலா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்பா கடைசியில் ஒரு முடிவு சொன்னார். "இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணிட்டா வாத்தியார் டிரெயினிங் படிக்கட்டும். பெயிலானா புதுக்கோட்டைதான். இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"அந்த ஆளைப் பார்த்தாலே எனக்கு உடம்பு நடுங்குதுக்கா" என்றாள் கமலா என்னிடம். "சின்ன வயசுல அந்த வீட்டுக்குப் போனப்போ, செத்துப்போன அந்த அக்காவை அவர் கூப்பிடுற தோரணையைப் பார்த்திருக்கேன்."

செய்முறைத் தேர்வில் அவள் தேற வேண்டும். அந்தத் தேர்வில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். ஒரு செடியைக் கையில் கொடுப்பார்கள். பூவை ஊசியால் பிரித்து, லென்ஸில் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுதி, எந்தக் குடும்பம் என்று சொல்ல வேண்டும். என்ன செடி என்பது தேர்வுக்கு முதல் நாள்தான் முடிவாகும். அதைச் சென்னையிலிருந்து வருகிற எக்ஸாமினர் சொல்வார், துறைத் தலைவிக்குத் தெரியும், விடியற்காலையில் போய்ப் பறித்துவருகிற டெமான்ஸ்ட்ரேட்டருக்குத் தெரியும். அவ்வளவுதான். எப்போதும் பறிப்பது லென்ஸ் மாமி. அந்த மார்ச்சில் அவருக்குக் காலில் சேற்றுப்புண், தண்ணீரில் இறங்கக் கூடாது. துறைத் தலைவி என்னைக் கூப்பிட்டார்.

"உன் தங்கச்சி எழுதுறான்னு தெரியும். இருந்தாலும் உன்னை நம்புறேன். ஜீயபுரத்து லிண்டர்னியா. முப்பது செடி, பூவோட."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லக் கூடாது சொல்லக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கமலா புத்தகங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, அவள் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். வாயால் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் விடியும்போது வாய்க்கால் ஓரம் போய் நின்றேன். லென்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டேன். யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. ஊதாப் பூ தெரிந்த இடத்திலெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி ஈரத் துணியில் போட்டு, முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரே மாதிரி இரண்டு செடிகள் உண்டு. இரண்டும் லிண்டர்னியாதான், அக்கா தங்கை. காய் வந்துவிட்டால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். ஒன்றின் காய் குட்டையாகப் புல்லி இதழ்களுக்குள் ஒளிந்திருக்கும், மற்றொன்றின் காய் ஊசிபோல வெளியே நீளும். இளஞ்செடியில் பூவுக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றில் மகரந்தக் காம்பு நாலு. இன்னொன்றில் இரண்டுதான். மற்ற இரண்டும் மகரந்தத் தூள் பை இல்லாத வெறும் மொட்டைக் குச்சி. நான் இரண்டையும் கலந்து பறித்துவந்திருந்தேன்.

தேர்வு தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். மாமி மேஜை மேஜையாக நொண்டிக்கொண்டே போய் ஒவ்வொரு கண்ணாடிக் கிண்ணத்துப் பூவையும் லென்ஸால் பார்த்தார். நேரே எக்ஸாமினரிடம் போனார்.

"ரெண்டு செடி கலந்திருக்கு. சிலதுல நாலு, சிலதுல ரெண்டு."

எக்ஸாமினர் வயதானவர், தானே எழுந்து வந்து நாலைந்து கிண்ணங்களைப் பார்த்தார். கோபிப்பார் என்று பார்த்தால் சிரித்தார். "நல்லதாப் போச்சு. கண்ணால பார்த்து எழுதுறவங்க யாருன்னு தெரிஞ்சுடும். யாருக்கு எது போயிருக்குன்னு மட்டும் குறிச்சுக்குங்க" என்றார்.

மாமி குறித்துக்கொண்டே போனார். கமலாவின் கிண்ணத்தைப் பார்த்தார். "ரெண்டு" என்று எழுதினார்.

நான் எதிர் வரிசையில் நின்றேன். கமலா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஊசி துடைத்துவைத்தபடி பெட்டியிலேயே இருந்தது. பூ தண்ணீரில் முழுசாக மிதந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற வேகத்தில் பக்கம் பக்கமாக நிரப்பினாள். கிட்டத்தில் போய் ஒரு இருமல் இருமியிருக்கலாம். பூவைப் பார்டி என்று கண்ணைக் காட்டியிருக்கலாம். இரண்டு தடவை அவள் மேஜையைத் தாண்டிப் போனேன். மாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலமே தாள்களைத் திருத்தினார்கள். ஆய்வுக்கூடத்தில் எக்ஸாமினர், துறைத் தலைவி, மாமி, நான். பதினேழாவதாகக் கமலாவின் தாளை எடுத்ததும் எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரமாதமா எழுதியிருக்கா. நாலு மகரந்தக் காம்பு, சூல்முடி தொட்டா மூடும், எல்லாம் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கிண்ணத்துல இருந்தது ரெண்டு காம்புச் செடி. நீங்கதானே பக்கத்துல நின்னீங்க? பூவைப் பிரிச்சுப் பார்த்தாளா?"

"இல்லை" என்றார் மாமி. "ஊசியை எடுக்கலை. பூ முழுசா இருந்தது. மணி அடிச்சதும் நான் புல்லு நுனியால தொட்டேன். அப்புறம்தான் சூல்முடி மூடிண்டது. அதுவரைக்கும் அதை யாரும் தொட்டதா எனக்குத் தெரியலை."

ஒரு குண்டூசித் தலை அளவுகூட இல்லாத பூவின் நாக்கு எங்கள் குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்தச் சாட்சியை வாங்கிக் கொடுத்தவர், தினமும் எனக்குப் பாதித் தயிர்சாதம் கொடுக்கிறவர்.

"அப்போ செடி என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யார் சொன்னது?" என்றார் எக்ஸாமினர். துறைத் தலைவி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எக்ஸாமினர் மாமியிடம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் பார்க்கலை."

"பார்க்கலை சரி. என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதை நான் சொல்றதில்லை."

அதோடு நான் தப்பித்திருக்கலாம். எந்தச் சாட்சியும் கிடையாது. கமலாவுக்கு மார்க் குறைந்திருக்கும், ஒருவேளை எல்லைக்கோட்டில் தேறியும் இருப்பாள். மாமி என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கவும் இல்லை. ஒரு இலையைப் பார்க்கிற மாதிரி, அடுத்து என்ன என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தார். பிறகு நடந்தது எனக்கே அதிர்ச்சி. என் குரல் கேட்டது. "நான்தான் சொன்னேன்" என்றது.

கமலாவின் தேர்வை ரத்து செய்தார்கள். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஆவணியில் கமலாவுக்குப் புதுக்கோட்டையில் கல்யாணம். மணையில் உட்கார்ந்திருந்தபோது அவள் என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா சொன்னே?" என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியை நான் மனசார வெறுத்தேன். பூ முழுசாக இருந்தது என்று சொல்லாமல் விட்டிருந்தால் என்ன? கண்ணில் படவில்லை என்று ஒரே ஒரு பொய். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அது பெரிய விலையா? ஸ்ரீரங்கம் பஸ் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் முசிறியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டேன். தலைமையாசிரியை என்னை எதிரில் உட்காரவைத்து ஒரு கடிதத்தைப் பிரித்தார். "உங்க பழைய காலேஜ்ல கூட வேலை பார்த்தவங்ககிட்ட உங்களைப் பத்தி விசாரிச்சிருந்தேன். இந்த மாதிரி ஒரு சர்டிபிகேட் நான் என் சர்வீஸ்ல படிச்சதில்லை" என்றார்.

அவர் சத்தமாகப் படித்தார். மாமியின் எழுத்து, முத்து முத்தாக இருக்கும்.

"இவர் செடிகளைக் கலந்து பறித்துவந்தார். அன்று லென்ஸ் எடுத்துச் செல்லவில்லை. தேர்வில் வரும் செடியை இவர் தங்கைக்குத் தெரிவித்ததை நான் பார்க்கவில்லை. தெரிவித்ததாக இவரே சொன்னதைப் பார்த்தேன். அப்போது இவருக்கு எதிராக எந்த ஆதாரமும் இல்லை. யாரும் வற்புறுத்தவில்லை. சொன்னால் வேலை போகும் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு வருஷத்தில் நான் பார்த்தது இவ்வளவு."

தலைமையாசிரியை கடிதத்தை மடித்து உறையில் வைத்தார். "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். மாமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இளைச்சிருக்கேள்" என்றார். கடிதத்துக்கு நன்றி சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு நன்றி? இருந்ததை எழுதினேன்."

எனக்குள் ஒரு வருஷமாகக் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீங்க இருந்ததைச் சொன்னதாலதான் என் தங்கச்சி புதுக்கோட்டை போனா" என்றேன்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. தன் பக்கத்து நியாயம் எதையும் எடுத்துவைக்கவும் இல்லை. "ஆமாம்" என்றார். வாளியை ஓரமாகத் தள்ளிவைத்தார். "தினமும் நினைச்சுக்கறேன். கமலா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. மாசா மாசம் கார்டு போடுறா, சௌக்கியம்னு. பொங்கல் சீர் கொண்டு போன அப்பாவும் நல்லா இருக்கான்னுதான் சொன்னார்."

"நீங்க பார்த்தேளா?"

"இல்லை" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் புதுக்கோட்டைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. முப்பது மைல்தான். அவள் முகத்தில் விழிக்கப் பயம். கார்டில் சௌக்கியம் என்று வரும், நானும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்வேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்பது அந்தக் கிணற்றடியில்தான் உறைத்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்தது கமலாதான். என்னை எதிர்பார்க்கவில்லை. அந்த வெயிலிலும் முழங்கை மறைகிற ரவிக்கை போட்டிருந்தாள். "வாக்கா" என்றவள், உடனே திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டாள். அத்தை ஊரில் இல்லை, அவள் வீட்டுக்காரர் தன் கடையில் இருந்தார். நான் அவள் கையைப் பிடித்து ரவிக்கையை மேலே ஏற்றினேன். அவள் தடுத்தாள், நான் விடவில்லை. இடது கையில் நாலு இடத்தில் சூடு வைத்த தழும்பு. மூன்று ஆறியிருந்தன. ஒன்று ஆறவில்லை.

"அப்பா வந்தப்போ?" என்றேன்.

"அப்பா கையைப் பார்க்கலைக்கா" என்றாள்.

அவளைத் துணிமணிகளை எடுத்துக்கொள்ள நான் விடவில்லை. நின்ற கோலத்தில் செருப்பை மட்டும் மாட்டச் சொன்னேன். நாலு மணி பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். கீரனூர் தாண்டியதும் அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.